புயல் போன பின் பூத்த பூக்கள்

கேள்வி: புயல் மழை ஓய்ந்த நான்காம் நாள், வெறும் புல் என்று நினைத்திருந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பூக்கள் நிறைந்துவிட்டன. ஒன்பதாம் நாள், மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் வெள்ளை வெளேரென்று பூத்து, மறுநாளே வாடிவிட்டது. செடிக்கு ஏதாவது நோயா?

பதில்: நோயே இல்லை. இரண்டையும் ஒரே மழையில் பார்த்த நீங்கள் கொடுத்துவைத்தவர்!

புல்போல் இருந்தது மழை லில்லி. மண்ணுக்குள் சின்ன வெங்காயம் போன்ற கிழங்கு காத்திருக்கும். வறட்சிக்குப் பின் பெருமழை இறங்கினால் சில நாட்களில் பூந்தண்டு எழும்பிவிடும்.

மற்றது புறா ஆர்க்கிட் என்று நினைக்கிறேன். பூவைப் பக்கவாட்டில் பாருங்கள், பறக்கும் புறா தெரியும். அதன் மொட்டுகள் முன்பே உருவாகி உறங்கிக்கிடக்கும். புயல் மழையில் வெப்பநிலை திடீரென்று 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் விழித்துக்கொள்ளும். அதிலிருந்து 9 நாள் கணக்கு. அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாமே ஒரே நாளில் பூக்கும். பூவின் ஆயுள் ஒரே நாள் அல்லவா? சேர்ந்து பூத்தால்தான் வண்டும் தேனீயும் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியும்.

பெருமழை பெய்த நாளையெல்லாம் நான் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறேன். ஒன்பதாம் நாள் விடியலில் அந்த மணம் ஜன்னல் வழியே வரும்போது, எத்தனை முறை ஆனாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

லில்லி இலைகளைப் புல்லோடு சேர்த்து வெட்டிவிடாதீர்கள். தண்ணீர் தேங்கினால் உடனே வடித்துவிடுங்கள், கிழங்கு அழுகிவிடும்.