பதில்: கொள்ளுப் பருப்பு சாப்பிட்ட ராத்திரி வயிறு முறுக்குது

ஏனுங்க, சாப்பிட்டு நாலஞ்சு மணி நேரம் கழிச்சுத் தொப்புளைச் சுத்தி முறுக்குது, காத்துப் பிரிஞ்சா தணியுதுன்னு எழுதியிருக்கீங்க. கொள்ளை ஊறப்போடாம நேரா குக்கர்ல வைக்கறீங்களாம். அதுதானுங்க காரணமா இருக்கும்.

கொள்ளுல ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு சர்க்கரைகள் இருக்கு. அதை உடைக்கற நொதி நம்ம சிறுகுடல்ல கிடையாது. பெருங்குடல்ல பாக்டீரியா அதைப் புளிக்க வெச்சு வாயுவாக்குது. குடல் உப்பி இழுத்துப் பிடிக்குது. பத்து மணி நேரம் ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில விரல்ல நசுங்கற பதத்துக்கு வேக வைங்க. வெந்த தண்ணியில ரசம் வைக்கறது நம்ம பக்கத்து வழக்கம். ருசிதான், ஆனா அந்தச் சர்க்கரை அதுலயும் இறங்கியிருக்கும். கொஞ்ச நாள் ரசத்தை விடுங்க. பருப்பும் ராத்திரி வேண்டாம், மத்தியானம் ரெண்டு கரண்டி போதும்.

வலிக்கறப்போ வெந்நீர்ப் பையைத் துணியில சுத்தி 15 நிமிஷம் வயித்து மேல வைங்க, மெதுவா நடங்க. ஒரு டம்ளர் தண்ணியில அரை ஸ்பூன் ஓமம் கொதிக்க வெச்சுக் குடிக்கலாம். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை மட்டும் வேண்டாம், இரைப்பையைப் புண்ணாக்கிடும்.

ரெண்டு வாரத்துல குறையலைன்னா பால் டீயை நிறுத்திப் பாருங்க, பால்ல இருக்கற லாக்டோஸ்ங்கற சர்க்கரை ஒத்துக்காம இருக்கலாம். வலி வலது அடிவயித்துக்கு நகர்ந்தாலோ, காய்ச்சல், விடாத வாந்தி இருந்தாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ, மலம் கருப்பாப் போனாலோ, வயிறு கல்லாட்டம் இறுகினாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.