யோகா வகுப்பு முன்பதிவு வெப்சைட்டுக்குப் பயனர் ஆய்வு (பயன்படுத்தப் போகிறவர்களின் தேவையை அறிவது) எப்படிச் செய்வது? கூகுள் ஃபார்ம் போதுமா? எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?

போதாதுங்க. நானும் முதலில் ஃபார்மைத்தான் நம்பினேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மொட்டை மாடியில் வகுப்பு எடுக்கும் மாஸ்டருக்காக வெப்சைட் செய்யப் போனேன். அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்ம் போட்டு, "ஆன்லைனில் புக் செய்வீர்களா?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் "ஆமாம்". மாஸ்டருக்கு வேண்டிய பையன் கேட்கிறான், எப்படி இல்லை என்பார்கள்? இனிமேல் செய்வீர்களா என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும், அவ்வளவுதான். நடந்ததைக் கேளுங்கள்: "போன வாரம் எத்தனை நாள் வந்தீங்க? வராத அன்னைக்கு என்ன ஆச்சு? மாஸ்டர்கிட்ட எப்படிச் சொன்னீங்க?"

அதைவிட, ஒரு வாரம் போய்ச் சும்மா உட்காருங்கள். காலை 5.30 பேட்ச்சுக்கு நான் 5.15-க்கே மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவேன். அங்கேதான் அந்த லாங் சைஸ் நோட்டைப் பார்த்தேன். பெயருக்கு நேராக டிக். வராத நாளுக்குச் சுழி. ஓரத்தில் பென்சிலால் "முட்டி", "பி.பி.", "நாற்காலி", "பேத்தி காது குத்து" என்று குறிப்புகள். நான் செய்ய நினைத்த வெப்சைட்டை மாஸ்டர் பல வருஷமாகக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்!

நோட்டைப் புரட்டியதும் என் திட்டம் கவிழ்ந்தது. மாத ஃபீஸ் கட்டி வருகிறவர்கள் தினமும் எதைப் புக் செய்வார்கள்? அவர்களுக்கு வேண்டியது "இன்னைக்கு வரல" என்று சொல்ல ஒரு பட்டன், விட்ட கிளாஸைச் சாயங்கால பேட்ச்சில் பிடிக்க ஒரு வழி. புக்கிங் தேவைப்பட்டது புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும்.

உடல்நலக் கேள்விகளில் கவனமாக இருங்கள். ஃபார்மில் "நோய் ஏதும் இல்லை" என்று இருந்த அம்மாவுக்கு நோட்டில் "பி.பி." என்று இருந்தது. விசாரித்தால், ஃபார்மை நிரப்பியது காலேஜ் படிக்கும் மகன். மகனிடம் சொல்லாததை அவர் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். தலைகீழ் ஆசனங்கள் கொடுப்பதற்கு முன் மாஸ்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம் அது. அதனால் அந்தக் கேள்வியைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, முதல் நாள் நேரில் கேட்பது என்று வைத்தோம்.

"தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை" என்ற பிரிப்பும் தேறவில்லை. எட்டு வருஷமாக வருகிறவர் அடக்கமாகத் தொடக்கநிலையைத் தொட்டார். போன மாதம் சேர்ந்த தம்பி உயர்நிலை! "தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியுமா, நாற்காலி வேணுமா?" என்று மாற்றினோம். மாஸ்டர் பேட்ச் பிரிப்பதே அதை வைத்துத்தான்.

எத்தனை பேர் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். வெப்சைட்டுகளின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய "5 பேர் போதும்" என்பதை எல்லாரும் சொல்வார்கள். தளத்தை ஒருவரிடம் கொடுத்துச் சோதித்தால் சராசரியாக 31% கோளாறு தெரியும், ஐந்து பேரில் சுமார் 85% தெரிந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் அது செய்து வைத்த திரையில் தவறு கண்டுபிடிக்க. மக்களுக்கு என்ன தேவை என்று அறிய அந்தக் கணக்கை இழுக்காதீர்கள். அதோடு, ஃபேர்லேண்ட்ஸ் ஐ.டி. பையனும் அம்மாப்பேட்டை தறிக்காரரும் ஒரே கூட்டம் இல்லை. கூட்டத்துக்கு மூன்று நான்கு பேராவது பாருங்கள்.

ஏற்காட்டில் வார இறுதி முகாமும் உண்டு என்றால், "எப்படி வருவீங்க?" என்று கட்டாயம் கேளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவருக்கு, இறங்கியதும் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குக் கிடைத்த பதில்களைப் பார்த்து, முதல் நாள் வகுப்பையே மாலைக்குத் தள்ளினோம்.

கடைசியாக ஒன்று: சோதிக்கும்போது உங்கள் போனைக் கொடுக்காதீர்கள், அவர்கள் போனிலேயே திறக்கச் சொல்லுங்கள். அறுபது வயது அக்கா ஒருவர் போனைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "17:30"-ஐக் காட்டி "இது என்ன ஃபீஸா தம்பி?" என்றார். அவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்ததால் "உறுதி செய்" பட்டன் திரைக்குக் கீழே போயிருந்தது. ரெண்டு நிமிஷம் பார்த்தார். கீழே தள்ளிப் பார்க்கவே இல்லை. பிறகு, "சரி, நான் மாஸ்டருக்கே போன் பண்ணிக்கிறேன்" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று ராத்திரியே பட்டனை மேலே ஏற்றி, "சாயங்காலம் 5.30" என்று எழுத்தில் போட்டேன்.