பிரஸ் கிளப்பில் மனித உரிமைக் கூட்டமாம், நம்மைப் போன்ற ஆட்கள் போகலாமா?

நாகர்கோவில் பிரஸ் கிளப்பில் அடுத்தடுத்து மனித உரிமைக் கூட்டங்கள் நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: பத்திரிகைக்குச் சம்பந்தமில்லாத ஆள் உள்ளே போகலாமா, எப்போது என்ன கூட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது, போனால் பிரயோஜனம் உண்டா?

போகலாம். எந்த மாதிரிக் கூட்டம் என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள். தக்கலைப் பக்கம் ஒரு நாளிதழுக்குப் பல வருடம் பகுதி நேர நிருபராக இருந்தவன் நான். இப்போது எழுதுவதில்லை, கடை வைத்திருக்கிறேன். கூட்டத்துக்குப் போகிற பழக்கம் மட்டும் விட்டுப் போகவில்லை.

பிரஸ் கிளப்பில் அதிகம் நடப்பது பிரஸ் மீட்தான். ஒரு கட்சியோ சங்கமோ, சில சமயம் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பமோ, ஹாலுக்குப் பணம் கட்டி நிருபர்களைக் கூப்பிட்டுப் பேசும். மேஜையில் மைக்குகளை அடுக்குவார்கள், பிரஸ் நோட் கொடுப்பார்கள், டிவிக்காரர்கள் பைட் எடுப்பார்கள், அரை மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும். அங்கே போய் உட்கார்ந்தால் யாரும் எழுப்பி விட மாட்டார்கள். ஆனால் கேள்வி கேட்க உங்களுக்கு இடமில்லை. கிளப்பின் பொதுக்குழு என்று ஒன்று உண்டு. அதில் சந்தா, தேர்தல், நிர்வாகிகள் சண்டை எல்லாம் நடக்கும். அது உறுப்பினர்களுக்கு மட்டும். நீங்கள் கேட்கிற மனித உரிமைக் கூட்டம் கருத்தரங்க வகை. வழக்கறிஞர்களோ கல்லூரியோ ஏதாவது இயக்கமோ சேர்ந்து நடத்துவார்கள். நோட்டீஸில் ‘அனைவரும் வருக’ என்று போட்டிருக்கும். அதற்குத் தயங்காமல் போகலாம், அழைப்பிதழ் வேண்டாம்.

எப்போது என்றால், காலண்டரைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மே 3 உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள், ஐ.நா. 1993-இல் அறிவித்தது. நவம்பர் 16 தேசியப் பத்திரிகை நாள், 1966-இல் பத்திரிகைகளைக் கண்காணிக்கிற இந்தியப் பிரஸ் கவுன்சில் வேலையைத் தொடங்கிய தேதி. டிசம்பர் 10 மனித உரிமை நாள், 1948-இல் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறிய நாள். இதோடு நம் மாவட்டத்துக்கே உரிய தேதிகளும் சேரும். 1956-இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1, ஒக்கி புயல் அடித்த நவம்பர் கடைசி, சுனாமி வந்த டிசம்பர் 26. ஆகவே நவம்பர், டிசம்பர் இரண்டும்தான் இங்கே கூட்ட சீசன். மற்ற மாதங்களில் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்று பொடி எழுத்தில் வரும் பகுதியைப் பாருங்கள். கோர்ட் வளாகத்து நோட்டீஸ் போர்டையும் ஒரு நடை எட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அழைப்பிதழில் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், போன வருடத்து அழைப்பிதழ் இந்த வருடமும் சுற்றும்.

சரி, போனால் என்ன கிடைக்கும்? பேச்சை நம்பிப் போகாதீர்கள் என்பேன். மேலாடை உடுத்தும் உரிமைக்காகப் பல பத்தாண்டு போராடி, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னரிடமிருந்து பிரகடனம் வாங்கிய மண் இது. பேச்சாளர்களில் பாதிப் பேர் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். பெருமைப்பட வேண்டிய வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் இருபது நிமிடம் அதிலேயே போய்விடும். அடுத்து சாதிக் கொடுமையை எதிர்த்த வைகுண்டசாமி, தமிழகத்தோடு இணையப் போராடிய நேசமணி, பிறகு சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. எல்லாம் முடியும்போது ஹாலைப் பூட்ட ஆள் வந்து வாசலில் நிற்பார்.

கேள்வி நேரம் இருக்கிற கூட்டமாகப் பார்த்துப் போங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் பேச்செல்லாம் முடிந்தபின் வேட்டியும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர் எழுந்தார். மைக்கை வாங்கத் தெரியாமல் வாங்கி, மேடையில் இருந்த இளம் பெண் வழக்கறிஞரைப் பார்த்துக் கேட்டார்: “மக்களே, எனக்கு அறுபத்திரண்டு வயசாச்சு. பய எங்க போனாம்னு எனக்குத் தெரியாது. அவன் என்ன செஞ்சாம்னும் தெரியாது. ஆனா தெனமும் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுதாவ. காலையில போனா சாயங்காலம் வர பெஞ்சிலதான் இருக்கேன். இதுக்குச் சட்டம் ஏதும் உண்டுமா?”

“எழுத்துல ஏதும் தந்தாவளா பாட்டா?”

“இல்ல மக்களே, போன்லதான் விளிப்பாவ.”

அந்தப் பெண் மேடையிலிருந்து இறங்கி அவர் பக்கத்து நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்து சட்டத்தை விளக்கினார். சாட்சியாகவோ விவரம் கேட்கவோ போலீஸ் ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய ஆண், பதினைந்து வயதுக்குக் குறைந்த பையன், எந்த வயதிலும் பெண், மாற்றுத்திறனாளி, கடும் நோயில் இருப்பவர் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. அவர்களாக விரும்பிப் போனால் அது வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவு இது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 160-ஆவது பிரிவாக இருந்தபோது வயது வரம்பு 65. புதிய சட்டத்தில் 60 ஆனதால்தான் இந்தப் பெரியவர் இதற்குள் வந்தார். நோட்டீஸின் பின்பக்கத்தில் பிரிவு எண்ணைப் பெரிதாக எழுதி, கீழே தன் போன் நம்பரையும் எழுதி அவர் கையில் கொடுத்தார் வழக்கறிஞர். பெரியவர் அதை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

மறுநாள் பேப்பரில் சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுகிற படம் வந்தது. 179 பற்றி ஒரு வரி இல்லை. நிருபரைக் குறை சொல்ல முடியாது. ஒற்றைப் பத்திச் செய்தியில் நாலு பேர் பெயரைப் போடவே இடம் பத்தாது. அதனால்தான் பேப்பரில் படித்துக்கொள்ளலாம் என்று வீட்டில் இருக்காமல் நேரே போகச் சொல்கிறேன்.

போகும்போது உங்கள் விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, யாரிடம் மனு கொடுத்தீர்கள், ரசீது இருக்கிறதா, அவ்வளவு போதும். “அநியாயம் நடக்குது, கேக்க ஆளில்ல” என்று ஆரம்பித்தால் கூட்டமே தலையாட்டும், ஆனால் பதில் கிடைக்காது. தேதியோடு கேட்டால் மேடையில் இருப்பவர் நழுவ முடியாது. அதோடு, அங்கே இருக்கிற நிருபர்களில் யாராவது ஒருவர் வெளியே வந்து உங்களிடம் போன் நம்பர் கேட்பார். நல்ல செய்திகள் பல கூட்டத்துக்கு அப்புறம், வாசலில் சாயா குடிக்கிற இடத்தில்தான் பிறக்கும்.

தேதி முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1993-இல் வந்தது. அதன்படி, சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் தேசிய மனித உரிமை ஆணையமோ மாநில மனித உரிமை ஆணையமோ அதை விசாரிக்க முடியாது. பலர் கூட்டத்துக்கு வந்து மூன்று வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்வார்கள். கேட்கவே பாவமாக இருக்கும். புகாருக்குக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. சொத்துத் தகராறு, வேலை சம்பந்தமான பிரச்சினை, கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கிற வழக்கு, இவற்றை ஆணையம் எடுக்காது. அண்ணன் தம்பி வேலித் தகராறை மனித உரிமை மீறல் என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, என்ன செய்வது!

இங்கே ஓர் எச்சரிக்கை. காரில் ‘மனித உரிமை’ என்று சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டி, கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக் கொண்டு சிலர் இந்தக் கூட்டங்களுக்கு வருவார்கள். மாவட்டத் தலைவர், மாநிலச் செயலாளர் என்று அச்சடித்த கார்டு கொடுப்பார்கள். அது அவர்களுடைய சங்கத்துப் பதவி. தேசிய ஆணையம் டெல்லியில், மாநில ஆணையம் சென்னையில். மாவட்டத் தலைவர் என்ற பதவி ஆணையத்தில் இல்லை. புகார் எழுதித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கும்பிட்டு விலகிவிடுங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமானால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், இவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும்.

எந்தத் தலைப்பில் கூட்டம் என்றால் கட்டாயம் போக வேண்டும் என்று கேட்டால், கடல் பற்றியது என்பேன். மனித உரிமை என்றதும் லாக்கப் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அது இயல்புதான், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் செத்தது தூரத்தில் இல்லை, தூத்துக்குடி மாவட்டத்தில். ஆனால் குளச்சலிலிருந்து நீரோடி வரை போய்ப் பாருங்கள், அங்கே உரிமைப் பிரச்சினை எல்லாம் தண்ணீரில்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது எத்தனை பேர் காணவில்லை என்பதில் பங்குத் தந்தையர் எடுத்த கணக்கும் அரசுக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவரைச் செத்தவராகக் கருத அப்போதைய சாட்சியச் சட்டத்தின்படி ஏழு வருடம் ஆக வேண்டும். அதுவரை அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்? அந்த ஏழு வருடத்தைப் பார்க்காமல் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுக்க அரசு தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் உரிமை ஒன்றும் புதிதாக எழுதப்படவில்லை. தேவாலயப் பங்கு வாரியாகப் பெயர் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதால் வந்தது.

அதற்கு முன்பே, 2012 பிப்ரவரி 15 அன்று கேரளத்து நீண்டகரையிலிருந்து போன படகின் மேல் இத்தாலிக் கப்பலின் காவலர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அதில் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். ஒன்பது வருடம் இழுத்து, 2021-இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றம் இந்திய வழக்கை முடித்தது. தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் ஆழ்கடலில், இந்தியப் பெருங்கடல் நடுவே இருக்கிற டீகோ கார்சியா தீவு வரை போய்ப் பிடிபடுகின்றன. இந்த மாதிரி விஷயத்தில் யாரிடம் மனு கொடுப்பது, மாநில அரசா, வெளியுறவுத் துறையா, தூதரகமா என்று பொன்னாடைப் பேச்சாளருக்குத் தெரியாது. கடலோரத்தில் வேலை செய்கிற வக்கீலோ மீனவர் சங்கத்து ஆளோ பேசுகிற கூட்டமாக இருந்தால் கடையை அடைத்துவிட்டுக்கூட நான் போவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் பழைய தொழிலின் விசுவாசத்தில். மேடையில் எல்லாருடைய உரிமையும் பேசப்படும்போது கீழே குறிப்பெடுக்கிற தாலுகா நிருபருக்குப் பெரும்பாலும் நியமனக் கடிதம்கூட இருக்காது. செய்தி வந்தால் காசு, வராவிட்டால் பெட்ரோல் சொந்தச் செலவு. 1955-ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், அதையே முக்கியத் தொழிலாகக் கொண்டவர் பகுதி நேரமாக வேலை பார்த்தாலும் அவரைப் பத்திரிகையாளர் என்றுதான் சொன்னது. நிர்வாகங்கள் அந்த வரியைப் படித்ததாகத் தெரியவில்லை. பிரஸ் கிளப்பில் இதைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடத்தினால் கைதட்டுவதற்கு முதல் வரிசையில் நான் இருப்பேன். நடத்தினால் யார் கவர் பண்ணுவார்கள் என்பது வேறு விஷயம்.

யாரைப் பேசக் கூப்பிடுகிறார்கள் என்பதற்காகவே கிளப்புகள் வம்பில் மாட்டுவதும் உண்டு. ஹாங்காங்கில் வெளிநாட்டு நிருபர்கள் கிளப் 2018 ஆகஸ்டில் ஒரு சுதந்திர ஆதரவுக் கட்சித் தலைவரைப் பேச அழைத்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய துணைத் தலைவருக்குச் சில வாரங்களில் விசா புதுப்பிக்கப்படவில்லை. அதே கிளப் 2022-இல் தன் மனித உரிமைப் பத்திரிகை விருதுகளையே நிறுத்தி வைத்தது. நம் ஊரில் அவ்வளவு தூரம் போகாது. “அந்தத் தலைப்பு இப்ப வேண்டாமே அண்ணே” என்று ஒரு போன் வரும், நோட்டீஸில் தலைப்பு ‘மனித நேயம்’ என்று மாறிவிடும். அப்படி மாறிய கூட்டத்துக்கு நான் போவதில்லை.

நோட்டீஸில் இருக்கிற நம்பருக்கு முதல் நாளே போன் போட்டு, “கேள்வி நேரம் உண்டுமா?” என்று மட்டும் கேளுங்கள். உண்டு என்றால் அந்தத் தாளோடு சீக்கிரம் போய் மைக் இருக்கிற பக்கமாக உட்காருங்கள். இல்லை என்றால், உங்கள் பிரச்சினை அவசரமானதாக இருந்தால், கூட்டத்துக்குக் காத்திருக்காமல் சட்ட உதவிக்கான 15100 எண்ணைக் கூப்பிடுங்கள்.