கொல்கத்தாவின் சீன உணவு மரபை வைத்து நடக்கும் சுற்றுலாவால் அங்கே வாழும் சீன மக்களுக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது, ஆனால் தெருவிலேயே காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறவர்களால்தான். கொல்கத்தாவில் வேலை பார்த்த இரண்டு வருடத்தில் பல ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே இருக்கும் பழைய சீனக் குடியிருப்பான திரெட்டி பஜாருக்குப் போயிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

விடிந்ததும் தெருவோரத்தில் அலுமினியப் பாத்திரங்களைத் திறப்பார்கள். ஆவி பறக்கும் பன்றிக்கறி பாவ் (உள்ளே கறி வைத்து ஆவியில் வேகவைத்த பன்), மீன் உருண்டை சூப், இலையில் கட்டி வேகவைத்த அரிசி, எள் உருண்டை. எட்டு மணிக்கு மேல் போனால் பாதி தீர்ந்திருக்கும். எல்லாம் வீட்டில் செய்து எடுத்து வருவது, பெரிய முதல் தேவையில்லை, அதனால் வயதானவர்களாலும் நடத்த முடிகிறது. ஆனால் விற்கிறவர்களில் இன்று சீனர்கள் குறைவு, அதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஏன் குறைந்தார்கள்? 1962இல் இந்திய-சீனப் போர் வந்ததும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட சுமார் 3,000 இந்தியச் சீனர்களைப் பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள், சிலர் வெளியே வர 1967 ஆனது. அதற்குப் பிறகு குடும்பம் குடும்பமாகக் கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விட்டார்கள், இன்று கொல்கத்தாவில் மிஞ்சியிருப்பது சில ஆயிரம் பேர்தான். ஒரு காலத்தில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர்களின் தெருவுக்கு இன்று ஊர்க்காரர்களே காலை ஆறு மணிக்குக் குழந்தைகளோடு வந்து வரிசையில் நிற்கிறார்களே, பணத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வருமானம் என்று பார்த்தால் கொல்கத்தாவின் இன்னொரு சீனக் குடியிருப்பான டாங்க்ராதான் சரியான உதாரணம். அங்கே ஹக்கா என்ற பிரிவைச் சேர்ந்த சீனர்களுக்குத் தோல் பதனிடுவதுதான் தொழிலாக இருந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளை ஊருக்கு வெளியே, பந்தலாவுக்கு மாற்றச் சொன்னபோது பல குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தது உணவகம்தான். பக்கத்திலேயே சீனர்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது, நூடுல்ஸைப் பிரசாதமாகப் படைக்கிறார்கள்.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. 'சைனாடவுன் உணவு நடை' என்று கூட்டிப் போகிறவர்கள் வாங்கும் கட்டணத்தில், பாவ் விற்கும் அம்மாவுக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் அந்த ஒரு பாவின் விலைதான். வழிகாட்டியாக அந்தத் தெருக்காரரையே வைத்தால் என்ன? அங்கே இருக்கும் டூங் ஆன் என்ற சீனக் கோயிலை ஏன் 'சர்ச்' என்று அழைக்கிறார்கள், சீனப் புத்தாண்டுக்கு எல்லோரும் ஏன் கொல்கத்தாவுக்கு வெளியே இருக்கும் அச்சிபூர் போகிறார்கள், இதையெல்லாம் அவர்கள் வாயால் கேட்கிற மாதிரி வருமா?

நீங்கள் போனால் சில்லறை எடுத்துக்கொண்டு ஞாயிறு ஆறரைக்குள் போய்விடுங்கள். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், முதலில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். அப்புறம் பௌ சோங் என்ற சாஸ் கடை திறந்ததும் அவர்களுடைய பச்சை மிளகாய் சாஸ் இரண்டு பாட்டில் வாங்கி வாருங்கள், எங்கள் வீட்டில் தோசைக்கே தொட்டுக்கொள்கிறோம்.