வாசகர் கேள்வி – பதில்: ஓய்வெடுத்தாலும் திரும்பாத ஒன்று

கேள்வி: நானும் நண்பர்கள் நால்வரும் விடுமுறை நாட்களில் கூடி ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாடி வருகிறோம்; ஒவ்வொருவரும் ஒரு வீரராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் விளையாட்டு அது. கதையை நடத்துபவன் நான். ஊர் சுற்றுவதும் ஆட்களோடு பேசுவதும் நன்றாகவே போகின்றன. சண்டை தொடங்கியதும் எல்லோரும் சோர்ந்துவிடுகிறார்கள். தன் முறை வரும்வரை கைபேசியைப் பார்ப்பதும், வந்ததும் பகடையை உருட்டி எண்ணைச் சொல்வதுமாக ஒரு மணித்தியாலம் கழிகிறது. இன்னும் பலமான அரக்கர்களைக் கொண்டுவந்தால் சரியாகுமா?
– வாசகர், கல்முனை

பதில்: ஆகாது. அரக்கனின் பலம் கூடினால் அடிக்கு அடி கழிக்க வேண்டிய ஹிட் பொயின்ட், அதாவது உயிர்ப்பலத்தின் எண், பெரிதாகும். ஒரு மணித்தியாலச் சோர்வு ஒன்றரை மணித்தியாலமாக நீளும்.

விளையாட்டின் விதிகளையே சற்று உற்றுப் பாருங்கள். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கும் ஒரு சுற்று என்பது கதைக்குள் சுமார் 6 விநாடி; ஐந்து சுற்றுகளில் முடியும் சண்டை அங்கே வெறும் அரை நிமிடம். அதே விதிகளின்படி ஒரு நீண்ட ஓய்வு எடுத்துவிட்டால் இழந்த ஹிட் பொயின்ட் அனைத்தும் மீண்டுவிடும். அதாவது, நீங்கள் ஐவரும் மேசையைச் சுற்றியிருந்து பாடுபட்டுக் குறைத்த எண்கள், கதையில் மறுநாள் விடியும்போது சுவடே இல்லாமல் மறைந்துவிடுகின்றன. சண்டையின் பொருளை அந்த எண்களில் வைத்திருக்கும்வரை உங்கள் நண்பர்கள் கைபேசியைத்தான் பார்ப்பார்கள். ஓய்வெடுத்தாலும் திரும்பி வராத ஒன்றைச் சண்டையின் நடுவில் வையுங்கள்.

உங்கள் பக்கத்து வயலையே களமாக எடுத்துக்கொள்வோம். அறுவடை முடிந்து நெற்கதிரைக் குவித்துச் சூடு வைத்திருக்கிறது; உங்கள் வீரர்கள் நால்வரும் நிலக்காரரான போடியாரிடம் கூலி பேசி, வயல் குடிசையான வாடியில் காவல் இருக்கிறார்கள். நள்ளிரவில் கொள்ளையர் எட்டுப் பேர் வருகிறார்கள். எட்டுப் பேரும் நேரே காவலர்மீது பாய்ந்தால், அது நீங்கள் இப்போது நடத்தும் சண்டைதான். மாறாக, இருவர் பந்தத்தோடு சூட்டை நோக்கி ஓடுகிறார்கள், இருவர் எருமைகளை அவிழ்க்கிறார்கள், மற்றவர்கள் காவலரை மறித்து நிற்க மட்டுமே முயல்கிறார்கள் என்று வையுங்கள். மூன்றாம் சுற்றின் முடிவில் பந்தம் சூட்டைத் தொட்டுவிடும் என்பதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். முன்னால் நிற்பவன், கடந்த போகத்தில் இதே போடியாரிடம் கூலி கிடைக்காமல் போன ஒருவன் என்பதை அவன் வாயாலேயே கேட்க விடுங்கள். இப்போது தன் முறை வருமுன்பே ஒவ்வொருவரும் யோசிக்கத் தொடங்குவார்கள். சூட்டைக் காத்தால் எருமைகள் போய்விடும். அவனைக் கொன்றால் அவனுடைய ஊரில் இனி ஒரு கதவும் திறக்காது. அவனோடு பேசினால், கூலி தரும் போடியாருக்கு என்ன பதில் சொல்வது?

மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. போருக்கு முன் இரு தரப்பும் பாட்டாலே தருக்கம் செய்யும்போது, யார் எதற்காக நிற்கிறார்கள் என்பது களரியைச் சுற்றி அமர்ந்திருக்கும் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது; பிறகு ஆடப்படும் சண்டை ஒவ்வொன்றுக்கும் அதனாலேயே கனம் வருகிறது.

பழைய விதிகளிலும் இதற்கு உதவி உண்டு. போர் விளையாட்டுகளிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியிட்ட இவ்விளையாட்டின் தொடக்ககாலப் பதிப்புகளில், வீரர் வளர உதவும் அனுபவப் புள்ளிகளின் பெரும்பகுதி வெளியே கொண்டுவந்த புதையலுக்கே கிடைத்தது. எதிரியைக் கொன்றால் கிடைப்பது சொற்பம். எனவே வாளை உருவுமுன் பேசிப் பார்ப்பதும் ஏய்த்துச் செல்வதும் அறிவுள்ள ஆட்டமாக இருந்தன. 1981ஆம் ஆண்டின் அடிப்படைத் தொகுதியில் மனவுறுதிக்கென ஒரு விதி இருக்கிறது: எதிர்த்தரப்பில் முதல் ஆள் விழும்போதும் பாதிப் பேர் விழும்போதும் ஆறு பக்கப் பகடை இரண்டை உருட்ட வேண்டும்; அவர்களுடைய மனவுறுதி எண்ணை அது தாண்டினால் அவர்கள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். இதை நீங்கள் இன்றே எடுத்துக்கொள்ளலாம். கடைசி எதிரி சாகும்வரை உருட்டும் அலுப்பும் இதனால் நீங்கும்.

கேள்வி: என் மகனும் நண்பர்களும் இவ்விளையாட்டை எங்கள் வீட்டு விறாந்தையில் விளையாடுகிறார்கள். யுத்தத்துக்குள் வாழ்ந்த எங்களுக்கு, பிள்ளைகள் வெட்டு, குத்து என்று பேசுவதைக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லவா?
– வாசகி, செங்கலடி

பதில்: சகோதரி, உங்கள் சங்கடம் முற்றிலும் நியாயமானது, அதை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விளையாட்டைத் தொடங்குமுன் எவையெவை கதைக்குள் வரக்கூடாது என்று எல்லோரும் பேசி முடிவு செய்யும் வழக்கம் இவ்விளையாட்டுக்காரரிடம் உண்டு. சிலர் குறுக்குக்கோடு போட்ட ஓர் அட்டையை மேசையின் நடுவில் வைத்துக்கொள்கிறார்கள்; ஒருவர் அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிடுவார்கள். வீட்டுக்குரியவர் என்ற முறையில் உங்கள் சொல்லுக்கும் அங்கே இடம் இருக்க வேண்டும். ஆனால் நிறுத்தச் சொல்லுமுன் ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். எதிரிக்குப் பெயரும் காரணமும் இருக்கின்றனவா, சரணடைந்தவனை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் வாதாடினால், நான் உங்கள் நிலையில் இருந்தால் விளையாட விடுவேன்.

கேள்வி: ஒரு வீரர் சாகும் தறுவாயில், கதையை நடத்துபவர் தன் மறைப்புத் திரைக்குப் பின்னால் பகடை எண்ணை மாற்றிச் சொல்லலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். ஒருமுறை பிடிபட்டால் அதன்பிறகு எந்த வெற்றியையும் யாரும் நம்பமாட்டார்கள். ஐந்தாம் பதிப்பில் ஹிட் பொயின்ட் பூச்சியமானவுடன் வீரர் பெரும்பாலும் சாவதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் இருபது பக்கப் பகடையை உருட்டுகிறார், மூன்று முறை தவறினால்தான் மரணம். அந்தச் சில சுற்றுகளில் தோழன் ஒருவன் தன் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து தூக்குவானா என்பதே அன்றைய சண்டையின் உச்சம். பகடையை எல்லோரும் பார்க்க மேசையின் நடுவில் உருட்டுங்கள்.