வருடம் திரும்பாத வீட்டில் கார்த்திகை விளக்கு ஏற்றலாமா?

கேள்வி: என் மாமியார் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. இந்த வருடம் எங்கள் வீட்டில் கார்த்திகை விளக்கு ஏற்றலாமா? ஏற்றலாம் என்றால் எத்தனை விளக்கு? நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. பொது வராந்தாவில் அகல் வைக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். பேட்டரி விளக்கு வைத்தால் போதுமா? காலண்டரிலும் இரண்டு நாள் போட்டிருக்கிறது, எதை எடுத்துக்கொள்வது?

பதில்: தாராளமாக ஏற்றுங்கள்.

தீட்டு வேறு, வருடம் திரும்பும் வரை பண்டிகை கொண்டாடாமல் இருப்பது வேறு. குடும்ப வழக்கப்படி பத்து நாளிலோ பதினாறு நாளிலோ காரியம் முடிந்ததும் தீட்டு கழிந்துவிடுகிறது. அதன் பிறகு சுவாமி விளக்கை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. தலை திவசம் வரை நாம் தள்ளி வைப்பது புதுத்துணி, பலகாரம், பட்டாசு, சீர் வரிசை போன்ற கொண்டாட்டத்தைத்தான். மகன் வீடு என்பதால் அந்தக் கட்டுப்பாடு உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் உண்டு. அதனால் இந்த வருடம் பொரி உருண்டை, அப்பம், அடை எதுவும் வேண்டாம். அண்ணன் தம்பி இருந்தால் அவர்கள் அனுப்பும் கார்த்திகைச் சீரையும் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் விளக்கை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார்த்திகையன்று விளக்கேற்றும்போது பல வீடுகளில் ஒரு சுலோகம் சொல்வார்கள். 'கீடா: பதங்கா: மசகாஸ்ச வ்ருக்ஷா:' என்று தொடங்கும். புழு, பறவை, கொசு, மரம், நீரிலும் நிலத்திலும் வாழ்கிற எந்த உயிரானாலும் சரி, இந்த வெளிச்சத்தைப் பார்த்தால் அதற்கு இனிப் பிறவி இல்லாமல் போகட்டும் என்பது அதன் கருத்து. ஏற்றுகிறவர் தனக்கென்று எதுவும் கேட்பதில்லை. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில், அவ்வளவு பெரிய கொப்பரையில் தீபம் ஏற்றுவதும் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு உயிரை அனுப்பிவைத்த வீட்டில் இந்தப் பிரார்த்தனைக்கு என்ன தடை இருக்க முடியும்? மாமியாரை நினைத்துக்கொண்டே ஏற்றுங்கள்.

சில குடும்பங்களில் முதல் வருடம் வாசலில் வரிசையாக வைக்க மாட்டார்கள், பூஜை அறையில் மட்டும் ஏற்றுவார்கள். அதனால் உங்கள் கணவர் வழியில் மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் அப்படிச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். அதிலும் குறை ஒன்றும் இல்லை.

எண்ணிக்கைக்கு வருவோம். நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 ஏற்றுவது ஒரு வழக்கம். கட்டாயம் கிடையாது. பழைய வீடுகளில் வாசல், திண்ணை, கிணற்றடி, மாட்டுத் தொழுவம் என்று இடத்துக்கு ஒன்று வைப்பார்கள். மறுநாள் குப்பைக் கார்த்திகை. அன்றைக்கு எருக்குழிக்கும் ஒரு விளக்கு உண்டு. இருண்ட மூலை எதுவும் மிஞ்சக் கூடாது என்ற அந்த எண்ணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்கள் வீட்டில் பூஜை அறை, சமையலறை, நிலைப்படியின் உள்பக்கம், பால்கனி என்று நாலைந்து இடம் போதும்.

பேட்டரி விளக்கு அலங்காரத்துக்கு இருக்கட்டும். எண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு ஒன்றாவது வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் எரிய வேண்டும். உங்களுக்கு அது பால்கனிதான். அகன்ற தாம்பாளத்தில் மணல் பரப்பி அதன் மேல் அகலை வையுங்கள். ஐந்தாவது மாடியில் காற்று சும்மா விடாது, மேல்பக்கம் திறந்த கண்ணாடிக் கூண்டு இருந்தால் நல்லது. கொடியில் காயும் துணி, திரைச்சீலை, கொசுவலை எல்லாவற்றையும் முன்னதாகவே அப்புறப்படுத்திவிடுங்கள். புது மண் அகல் என்றால் காலையிலேயே தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, எடுத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி எண்ணெயை மண்ணே குடித்துவிடும். நல்லெண்ணெய் போதும், நெய் இருந்தால் சிறப்பு. எரியும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். படுக்கப் போகும் முன் பூவால் ஒற்றி மலையேற்றுங்கள், வாயால் ஊத வேண்டாம்.

இரண்டு தேதி பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். கார்த்திகை மாதத்தில் கிருத்திகை நட்சத்திரம் வரும் நாளைத்தான் திருவண்ணாமலையில் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பௌர்ணமியும் சேர்ந்தோ ஒட்டியோ வரும். 2024இல் டிசம்பர் 13 அன்று அண்ணாமலையார் தீபம், பௌர்ணமியோ 15ஆம் தேதி. பாஞ்சராத்திரம் என்ற வைணவ ஆகம முறைப்படி நடக்கும் பெருமாள் கோயில்களில் பௌர்ணமி, ரோகிணி பார்த்து வேறு நாளில் தீபம் ஏற்றுவார்கள். காலண்டரில் இரண்டாவதாக இருப்பது அதுதான். உங்கள் மாமியார் எந்த வழக்கத்தில் ஏற்றினாரோ அதையே தொடருங்கள். தெரியாவிட்டால் அண்ணாமலையார் தீபத்தன்று ஏற்றுங்கள்.

நேரம் மட்டும் தவற வேண்டாம். திருவண்ணாமலையில் விடியற்காலை பரணி தீபம் ஏற்றி, மாலை ஆறு மணியளவில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடமே வெளியே வந்து காட்சி தந்ததும் மலையில் தீபம் தெரியும். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வீட்டில் ஏற்றுகிறவர்கள் ஏராளம். அந்த மாதத்தில் தமிழ்நாட்டில் ஆறு மணியையொட்டியே சூரியன் மறைந்துவிடும், அதனால் திரியும் எண்ணெயும் ஐந்தரைக்கே தயாராக இருக்கட்டும்.