மோதிரமா, தாலியா?

கேள்வி: மாயாஜால நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மலைநாட்டுச் சனங்கள் ஒளிமரத்தில் பால் வெட்டிப் பிழைக்கிறவர்கள். கல்யாணத்தில் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். "தமிழ்க் கதையில் வெள்ளைக்காரன் வழக்கமா? தாலியை வை" என்கிறார் அண்ணன். என்ன செய்யட்டும் அக்கா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அண்ணனுக்காக மோதிரத்தைக் கழற்ற வேண்டாம், தங்கச்சி. அகநானூறு 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் விரிவாக வருகிறது. உளுந்துக் களி, பந்தலில் புதுமணல், விளக்கு எல்லாம் உண்டு. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர், பூவும் நெல்லும் கலந்த நீரை மணப்பெண் தலையில் சொரிகிறார்கள். தாலி என்ற பேச்சே இல்லை. இங்கே மலேசியாவிலும் 1982 மார்ச்சில் திருமணச் சட்டம் அமலுக்கு வந்து பதிவு கட்டாயமான பிறகு, பதிவன்று மோதிரம், கோயிலில் தாலி என்று இரண்டையும் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

என் மனக்குறை வேறு. பால் வெட்டுகிற கையில் மோதிரம் எப்படித் தங்கும்? என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விரலிடுக்கில் பால் காய்ந்து தோலாக ஒட்டிக்கொள்ளும். உரித்து உரித்துத்தான் சோற்றில் கை வைப்பார். மோதிரம் போட்டு நான் பார்த்ததே இல்லை. தாலித் தங்கம் பாதி நாள் அடகுக் கடையில் இருக்கும். கழுத்துக் கயிற்றில் ஒரு துண்டு விரலி மஞ்சள்தான். வேர்வையில் சாயம் இறங்கி, சட்டைக் கழுத்தெல்லாம் மஞ்சளாகிவிடும். தீபாவளிக்குத் தங்கம் மீண்டு வந்ததும் அந்த மஞ்சளை எறிய மாட்டார், அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பார்.

உங்கள் நாட்டு வழக்கமும் அவர்கள் செய்யும் வேலையிலிருந்தே வரட்டும். மணநாளில் ஒளிமரப் பாலை இருவர் மணிக்கட்டிலும் வார்த்து, உறையவிட்டு வளையமாக்கலாம். வருசா வருசம் அதே நாளில் இன்னொரு சுற்று வார்க்கலாம். தங்க மோதிரம் அரண்மனைக்காரர்களுக்கு இருக்கட்டும். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று கையைப் பார்த்தே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் கையிலிருப்பதை யார் கழற்றுவது? என் அத்தைக்குத் தாலி அறுத்ததைப் பத்து வயதில் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தர்கூட அவர் சம்மதத்தைக் கேட்கவில்லை. நீங்கள் படைக்கும் நாட்டில் அது வேண்டாம். தனித்துப்போனவர், ஆணோ பெண்ணோ, தனக்குத் தோன்றுகிற நாளில் தன் கையாலேயே கழற்றட்டும்; கழற்றாமலும் இருக்கட்டும். அந்த அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். கல்யாணப் பந்தலை அப்புறம் போடலாம்.